டூபாக் ஷகூரின் வாழ்வும் காலமும்



சரித்திரம் என்றவுடன் மன்னர்களின் வரிசையும், போர்களின் ஆண்டுகளும், உடன்படிக்கைகளின் விதிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதாம். ஆயினும் ஒரு காலத்து மக்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை விரும்பினார்கள், எதை எண்ணிக் கண்ணீர் உகுத்தார்கள் என்பதை அரசாணைகள் சொல்வதில்லை. அவற்றைச் சொல்லுவது பாட்டு. ஆதலால் இன்று ஒரு பாடகரின் வாழ்க்கையையே சரித்திரப் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கறுப்பின மக்களிடையே 1971ஆம் ஆண்டில் பிறந்தவர். ராப் என்னும் சொல்லிசையில் பெரும்புகழ் எய்தியவர். 25 வயது நிரம்பி மூன்று மாதம் ஆவதற்குள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர். டூபாக் அமாரு ஷகூர் என்பது அவர் பெயர்.

இப்பெயரை உங்களுள் பலர் முன்பே அறிந்திருப்பீர்கள். அவர் உருவம் பொறித்த சட்டையை அணிந்து திரியும் இளைஞர்களை நானும் கண்டிருக்கிறேன். இத்தகைய பாடல்கள் இளைஞர்களைக் கெடுப்பன என்பாரும் உளர். ஒடுக்கப்பட்டோரின் உண்மைக் குரல் இதுவே என்பாரும் உளர். இரு சாராரிலும் அப்பாடகரின் வாழ்க்கையை முழுதும் அறிந்தோர் சிலரே. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியிலேயே காலம் கழித்தவன் நான். ஒரு பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தும்போது சரியானதற்கு மதிப்பெண் கொடுப்பதும், பிழையானதைச் சிவப்பு மையால் குறிப்பதும் ஒரே கையின் வேலைகள். அவ்வாறே இவ்வாழ்க்கையையும் பார்ப்போம்.

முதலில் ராப் என்பது யாது எனக் காண்போம். தாளத்தின் மேல் சொற்களை விரைந்து அடுக்கி, இயைபு பிறழாமல் கூறிச் செல்லும் கலை அது. இராகத்திற்கு அங்கே இடம் குறைவு. சொல்லுக்கும் தாளத்திற்குமே ஆட்சி. நியூயார்க் நகரத்தின் வடபகுதியாகிய பிராங்க்ஸ் இதன் பிறப்பிடம். அப்பகுதியின் நடுவே 1948ஆம் ஆண்டிற்குப் பிறகு ஒரு பெரும் நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது. அதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் வீடுகளினின்றும் வெளியேற்றப்பட்டன. வசதியுள்ளோர் வேறிடம் நாடிச் சென்றனர், ஏழைகள் எஞ்சினர். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, 1970களில் வீடுகள் தீப்பற்றி எரிவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

அத்தகைய இடத்தில், 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் சாலையில் 1520ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு சிறு கேளிக்கை நடைபெற்றது. பள்ளி திறக்கும் காலம் நெருங்கியதால் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்க எண்ணிய சிண்டி காம்ப்பெல் என்னும் மாணவி அதனை ஏற்பாடு செய்தாள். அவள் தமையன், ஜமைக்காத் தீவில் பிறந்த கிளைவ் காம்ப்பெல், ‘கூல் ஹெர்க்’ என்ற பெயருடன் இசைத்தட்டுகளை ஓட்டினான். பாடலில் முரசு மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் வரும்போதுதான் கூட்டம் ஆர்வத்தோடு ஆடுகிறது என்பதை அவன் கண்டுகொண்டிருந்தான். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, அம்முரசொலியை மாறி மாறி ஓட்டி நீளச் செய்தான். அந்தத் தாளத்தின் மேல் ஏறி அமர்ந்த பேச்சே நாளடைவில் ராப் ஆயிற்று. இசைக்கருவி வாங்கப் பொருளில்லாதவர்கள் பழைய இசைத்தட்டுகளையே கருவியாக்கிக்கொண்டனர் என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

இனி டூபாக்கின் கதைக்கு வருவோம். அது அவர் தாயிடம் தொடங்குகிறது. வட கரோலினாவில் 1947இல் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த அம்மாதரசியின் பெயர் அஃபெனி ஷகூர். 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் ஹியூயி நியூட்டன், பாபி சீல் என்னும் இரு இளைஞர்கள் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தோற்றுவித்தனர். காவல்துறையினரின் கொடுமைக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தி நின்றதால் அக்கட்சி நாடெங்கும் பேசப்பட்டது. 1969ஆம் ஆண்டு முதல் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி செல்லும் முன் காலையுணவு இலவசமாக வழங்கியதும் அதே கட்சிதான். அதன் நியூயார்க் கிளையில் அஃபெனி சேர்ந்தார்.

1969 ஏப்ரலில் அக்கிளையைச் சேர்ந்த 21 பேர் மீது அரசு வழக்குத் தொடுத்தது. காவல் நிலையங்களையும் கடைகளையும் வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. அஃபெனி சட்டம் பயின்றவர் அல்லர். ஆயினும் வழக்கறிஞரை நம்பாது தம் வழக்கைத் தாமே நடத்தினார். கட்சிக்குள் மாறுவேடத்தில் புகுந்திருந்த காவலர்களைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து, அவர்கள் சாட்சியத்தின் வலுவின்மையை வெளிப்படுத்தினார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். வழக்கின் இறுதிக் கட்டத்தில் சிறையிலும் இருந்தார். 1971 மே 13ஆம் நாள் ஜூரிகள் எல்லாக் குற்றச்சாட்டுகளினின்றும் அனைவரையும் விடுதலை செய்தனர். அதற்கு அடுத்த மாதம், ஜூன் 16ஆம் நாள், மகன் பிறந்தான்.

பிறந்தபோது வேறு பெயர் இடப்பட்டிருந்த அக்குழந்தைக்கு ஓராண்டிற்குள் டூபாக் அமாரு என்னும் பெயர் சூட்டப்பட்டது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுச் சரித்திரத்தில் இப்பெயர் இருமுறை வருகிறது. இன்கா மன்னருள் இறுதியானவர் டூபாக் அமாரு. அவரை ஸ்பானியர் 1572இல் குஸ்கோ நகரில் தலை துணித்தனர். இருநூறு ஆண்டுகள் கழித்து, அவர் மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் இரண்டாம் டூபாக் அமாரு என்ற பெயரோடு 1780இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். அவரும் 1781 மே மாதம் அதே குஸ்கோ நகரின் சதுக்கத்தில் கொடிய முறையில் கொல்லப்பட்டார். உலகெங்கும் ஒடுக்கப்பட்டோரின் போராட்டத்தில் தன் மகனும் ஒருவன் என்பதை அப்பெயரால் அஃபெனி உணர்த்த விரும்பினார். தோற்ற போராட்டம் ஒன்றின் பெயரைத் தோளில் சுமந்து வளர்வது எளிதன்று.

எளிதன்று என்பதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்த காலத்திலேயே அவ்வியக்கம் சிதையத் தொடங்கிவிட்டது. மத்தியப் புலனாய்வுத் துறையினர் இரகசியத் திட்டம் வகுத்து, கட்சிக்குள் ஒற்றர்களைப் புகுத்தினர். தலைவர்களிடையே ஐயத்தை விதைத்தனர். சிலர் சிறை சென்றனர், சிலர் மாண்டனர், சிலர் தலைமறைவாயினர். டூபாக்கின் மாற்றாந்தந்தையாகிய முட்டுலு ஷகூரும் தேடப்பட்ட குற்றவாளியாக இருந்து 1986இல் பிடிபட்டார். வீரர்களின் பிள்ளைகள் வறுமையில் வளர்ந்தனர். வாடகை கொடுக்க இயலாமல் அஃபெனியின் குடும்பம் நியூயார்க்கில் வீடு மாறிக்கொண்டே இருந்தது.

அவ்வறுமைக்கு இடையிலும் சிறுவர் டூபாக்கின் திறமை வெளிப்பட்டது. 1984இல், ஹார்லம் பகுதியின் புகழ்பெற்ற அப்பல்லோ அரங்கில், லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய நாடகம் ஒன்றில் அவர் நடித்தார். பின்னர் குடும்பம் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே திறமையைச் சோதித்து மாணவர்களைச் சேர்க்கும் பொதுக் கலைப்பள்ளி ஒன்று இருந்தது. அதில் டூபாக் இடம் பெற்றார். நடிப்பும் கவிதையும் பயின்றார்; ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் நடித்தார்; பாலே என்னும் மேலைநாட்டு நடனம் ஆடினார்; ‘நட்கிராக்கர்’ நாட்டிய நாடகத்தில் எலி அரசனாகத் தோன்றினார். பின்னாளில் துப்பாக்கியும் பச்சைக் குத்துமாக நாம் படங்களில் காணும் இளைஞரை, பாலே உடையில் எலி அரசனாக எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளி ஒரு பிள்ளையினிடத்து எதை எதையெல்லாம் கண்டெடுக்கக் கூடும் என்பதற்கு இது சான்று.

ஆனால் அப்பள்ளியில் அவர் படிப்பை முடிக்கவில்லை. 1988இல், 17ஆம் வயதில், கண்டத்தின் மறுகோடியாகிய கலிபோர்னியாவில் மரின் சிட்டி என்னும் ஏழைக் குடியிருப்புக்கு அவர் செல்ல நேர்ந்தது. அப்பள்ளியை விட்டு நீங்கிய இடமே தாம் பாதை மாறிய இடம் என்று பின்னாளில் அவரே கூறினார். ஆசிரியனாகிய எனக்கு அவ்வாழ்க்கை முழுவதிலும் நெஞ்சை உறுத்தும் பகுதி இதுவே. பள்ளி அவரைக் கைவிடவில்லை. அவரும் பள்ளியை வெறுக்கவில்லை. குடும்பத்தின் வறுமை இருவரையும் பிரித்தது. இடம் மாறிச் செல்லும் ஏழைப் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திடும் தலைமையாசிரியர் எவரும் இதன் பொருளை உணர்வர்.

கலிபோர்னியாவில் அக்காலத்தில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது? கொக்கேயினைச் சமைத்துக் கட்டியாக்கிய ‘கிராக்’ என்னும் போதைப்பொருள் 1980களின் நடுவிலிருந்து அமெரிக்க நகரங்களின் ஏழைத் தெருக்களில் பரவிற்று. மலிவானது; விரைந்து அடிமையாக்குவது. வழக்குமன்றத்தில் அஞ்சாது நின்ற அஃபெனியும் அதற்கு அடிமையானார். மகன் மனம் வெறுத்து வெளியேறி, நண்பர்களின் வீடுகளில் தங்கினார். உயர்நிலைப் பள்ளிக் கல்வி அத்துடன் நின்றது.

அரசு இதனை நோயாகக் கருதவில்லை, குற்றமாகவே கருதியது. 1986இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பணக்காரர் பயன்படுத்தும் தூள் கொக்கேயின் 500 கிராம் விற்போருக்கு எவ்வளவு தண்டனையோ, அதே ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை 5 கிராம் கிராக் விற்போருக்கும் விதிக்கப்பட்டது. ஒன்றுக்கு நூறு என்னும் இவ்வேறுபாடு 2010இல்தான் ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. டூபாக் பிறந்த காலத்தில் அமெரிக்க மத்திய, மாநிலச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 2,00,000 பேர். அவர் 23ஆம் வயதில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட 1994ஆம் ஆண்டில் அத்தொகை 10,00,000ஐத் தாண்டிவிட்டது. அவர்களுள் கறுப்பின மக்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குரிய பங்கைவிட மிக மிகுதி. ஒரு பாடகரின் வாழ்நாளுக்குள் ஒரு நாட்டின் சிறைகள் ஐந்து மடங்கு நிரம்பின. அவர் பாடல்களில் சிறையும் சவ அடக்கமும் ஏன் ஓயாமல் வருகின்றன என்று வினவுவோர் இத்தொகையை நினைவில் கொள்ள வேண்டும்.

மரின் சிட்டியில் கவிதை வகுப்பு ஒன்றில் சேர்ந்த டூபாக், 1990இல் ‘டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்’ என்னும் இசைக்குழுவில் இடம்பெற்றார். பாடகராக அன்று, பெட்டி சுமப்பவராகவும் மேடையில் பின்னே நின்று ஆடுபவராகவுமே சேர்ந்தார். 1991இல் அக்குழுவின் பாடல் ஒன்றில் ஒரு பகுதியைப் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே அவரது முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற ‘பிரெண்டாஸ் காட் எ பேபி’ என்னும் பாடல், செய்தித்தாளில் அவர் படித்த உண்மை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து பிறந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தாயாகி, செய்வதறியாது தன் குழந்தையைக் குப்பையில் இட்ட செய்தி அது. பிறர் அச்சிறுமியைப் பழித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினர். டூபாக்கோ, அவளுக்குத் துணை நிற்க ஒருவரும் இல்லாமற் போனது எங்ஙனம் என்று வினவினார்.

1992இல் ‘ஜூஸ்’ என்னும் திரைப்படத்திலும், 1993இல் ‘பொயட்டிக் ஜஸ்டிஸ்’ என்னும் திரைப்படத்திலும் நடித்து நடிகராகவும் பெயர் பெற்றார். 1993இல் வெளிவந்த ‘கீப் யா ஹெட் அப்’ என்னும் பாடலில் துணையின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் ஏழைப் பெண்களுக்கு ஆறுதலும், பெண்களை இழிவாக நடத்தும் ஆண்களுக்குக் கண்டனமும் கூறினார்.

இத்தனை ஒளிக்கும் அருகிலேயே இருளும் வளர்ந்து வந்தது. 1992 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் இளைஞன் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். டூபாக்கின் பாடல்களே தன்னைத் தூண்டின என்று அவன் தரப்பில் வாதிடப்பட்டது. அமெரிக்க உப ஜனாதிபதி டான் குவேல், இத்தகைய இசைத்தட்டுக்குச் சமூகத்தில் இடமில்லை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டித்தவர்கள் ஆள்வோர் மட்டுமல்லர். மார்ட்டின் லூதர் கிங்குடன் ஊர்வலம் சென்ற கறுப்பினப் பெண்மணியாகிய டெலோரஸ் டக்கர், இப்பாடல்களில் பெண்களை இழித்துரைக்கும் சொற்களை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி நடத்தினார். அதன் விளைவாக 1995இல் டைம் வார்னர் என்னும் பெரிய நிறுவனம், டூபாக்கின் இசைத்தட்டுகளை வெளியிட்ட இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை விற்றுவிட்டது.

அதே 1992 ஆகஸ்டில் மரின் சிட்டியின் விழா ஒன்றில் டூபாக்கும் அவருடன் வந்தோரும் வேறு சிலருடன் மோதினர். அக்கலவரத்தில் எங்கோ பாய்ந்த குண்டு ஒன்று, மிதிவண்டியில் இருந்த ஆறு வயதுச் சிறுவனின் உயிரைக் குடித்தது. குண்டு பாய்ந்த துப்பாக்கி டூபாக்கின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் மீது கொலைக்குற்றம் சாட்டப்படவில்லை. சிறுவனின் குடும்பத்தார் தொடுத்த வழக்கு இழப்பீட்டுடன் முடிந்தது. குப்பையில் இடப்பட்ட குழந்தைக்காகப் பாடியவரின் துப்பாக்கியால் ஒரு குழந்தை மாண்டது. இதனைப் புகழுரைகள் பல கூறாமல் விடுகின்றன. நாம் விடலாகாது.

இக்காலத்தில் அவர் தம் வயிற்றில் ஒரு தொடரைப் பச்சை குத்திக்கொண்டார். அத்தொடரின் முதற்சொல் ‘தக்’ என்பது. மாணவர்களே, இச்சொல்லை நீங்கள் அறிவீர்கள். பெண்டிங்க் பிரபுவின் காலத்தில் வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொள்ளையிட்ட தக்கர்களை ஸ்லீமன் என்னும் அதிகாரி அடக்கினார் என்று உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். வஞ்சகன் எனப் பொருள்படும் இந்திச் சொல்லே ஆங்கிலத்தில் புகுந்து, பின்னர் அமெரிக்கத் தெருக்களில் முரடன், ரௌடி என்ற பொருளில் வழங்கலாயிற்று. ஆளுவோர் கறுப்பின இளைஞர்களை இழித்துரைக்கப் பயன்படுத்திய சொல்லையே டூபாக் தமக்குரிய பட்டமாக மாற்றிக்கொண்டார். ஒன்றுமில்லாதவனாய்த் தொடங்கி நிமிர்ந்து நிற்பவனே ‘தக்’ என்றார். பச்சிளங்குழந்தைகளுக்கு நீங்கள் ஊட்டும் வெறுப்பு ஒருநாள் உங்கள் அனைவரையும் தாக்கும் என்பதே அத்தொடரின் உட்பொருள் என்றும் விளக்கினார். விளக்கம் அறிவு சான்றதுதான். ஆயினும் ஒரு சொல்லை உடலில் எழுதிக்கொள்பவன் அதன் பழம்பொருளிலிருந்து முற்றிலும் தப்ப முடிவதில்லை.

1993 நவம்பரில் நியூயார்க் விடுதி ஒன்றில் நிகழ்ந்ததைக் குறித்து ஓர் இளம்பெண் அவர் மீதும் அவருடன் இருந்தோர் மீதும் முறையிட்டாள். 1994 டிசம்பர் 1ஆம் நாள், பெண்ணைப் பாலியல் முறையில் இழிவுபடுத்திய குற்றத்திற்காக ஜூரிகள் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தனர். அதனினும் கடுமையான குற்றச்சாட்டுகளினின்றும் விடுவித்தனர். தாம் குற்றமற்றவர் என்றே அவர் இறுதிவரை சொன்னார். எனினும் நீதிமன்றத்தின் தீர்ப்பு சரித்திரத்தில் நிலைபெற்றுவிட்டது. பெண்களுக்கு ஆறுதல் பாடிய அதே ஆண்டில் எழுந்த வழக்கு இது. பாட்டின் உயர்வு தீர்ப்பை அழிக்காது. தீர்ப்பும் பாட்டை அழிக்காது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதே சரித்திர ஆசிரியனின் கடன்.

தீர்ப்புக்கு முதல்நாள் இரவு, நியூயார்க்கின் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றின் வாயிலில் கொள்ளையர் அவரைச் சுட்டனர். உடலில் கட்டுகளோடு, சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் நீதிமன்றம் வந்தார். 1995 பிப்ரவரியில் ஒன்றரை ஆண்டு முதல் நாலரை ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருக்கும்போதே, அவ்வாண்டு மார்ச்சு மாதம் ‘மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்டு’ என்னும் தொகுப்பு வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதில் உள்ள ‘டியர் மாமா’ என்னும் பாடலே அவர் படைப்புகளுள் தலைசிறந்தது எனப் பலரும் கூறுவர். போதைக்கு அடிமையாகி, பின்னர் 1990களின் தொடக்கத்தில் அதினின்றும் மீண்ட தாயை நோக்கி மகன் பேசும் பாடல் அது. தாயின் குற்றத்தை அவர் மறைக்கவில்லை, மறைக்காமலே வணங்குகிறார். 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாட்டின் நினைவில் என்றும் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்துக்கொண்டது.

மேல்முறையீட்டுக் காலத்தில் வெளிவர 14,00,000 டாலர் ஜாமீன் தேவைப்பட்டது. ‘டெத் ரோ’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் ஷுக் நைட், மூன்று தொகுப்புகளுக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு அதற்கு வழி செய்தார். மரண தண்டனைக் கைதிகளை அடைக்கும் அறைவரிசை என்பது அந்நிறுவனப் பெயரின் பொருள். 1995 அக்டோபரில் விடுதலையான டூபாக், வெறியுடன் உழைத்தார். 1996 பிப்ரவரியில் 27 பாடல்கள் கொண்ட ‘ஆல் ஐஸ் ஆன் மீ’ என்னும் இரட்டைத் தொகுப்பு வெளிவந்தது. பணமும் புகழும் வெள்ளமாய் வந்தன. அவற்றோடு பகையும் வந்தது. தம்மைச் சுட்டதில் தொடர்புடையவர் என்று பழைய நண்பரும் பாடகருமான ‘நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.’ எனப்படும் கிறிஸ்டோபர் வாலஸைச் சந்தேகித்தார். அவர் மறுத்தார். இரு பாடகரின் பிணக்கு, நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையிலான போராகப் பத்திரிகைகளில் பெருக்கப்பட்டது. பகை வளர வளர இசைத்தட்டும் விற்றது, பத்திரிகையும் விற்றது.

1996 செப்டம்பர் 7ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் மைக் டைசனின் குத்துச்சண்டையைக் கண்டுவிட்டு வெளிவந்த டூபாக், விடுதிக்கூடத்தில் எதிர்க்கூட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞனைத் தாக்கும் சண்டையில் கலந்துகொண்டார். சில மணி நேரம் கழித்து, சாலைச் சந்திப்பில் நின்ற அவர் வண்டியின் மீது மற்றொரு வண்டியிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. ஆறு நாள் உயிருக்குப் போராடி, 13ஆம் நாள் காலமானார். ஆறு மாதத்திற்குள், 1997 மார்ச்சு 9ஆம் நாள், வாலஸும் 24 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். டூபாக் கொலை வழக்கில் 27 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில்தான் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவரும் குற்றத்தை மறுத்தார்.

முதல் தொகுப்பிலிருந்து மரணம் வரை ஐந்தாண்டு கூட நிறையவில்லை. அதற்குள் தனித்து நான்கு தொகுப்புகள் வெளியிட்டார். அவர் பதிவு செய்து வைத்துச் சென்றவை பின்னர் மேலும் பல தொகுப்புகளாயின. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1997இலேயே அவர் கவிதையைப் பற்றிய வகுப்பு நடந்தது. 2003இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அறிஞர்கள் கூடி அவரைப் பற்றி ஆராய்ந்தனர். 2017இல் ராக் இசை மேதைகளின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. மகனின் படைப்புகளைக் காத்து வெளியிடுவதில் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்ட அஃபெனி 2016 மே மாதம் மறைந்தார்.

கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம், “ஐயா, அவரைப் போராளி என்பதா, ரௌடி என்பதா?” என்று கேட்டார். “தம்பி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா அன்று இது, ‘காரணம் கூறுக’ என்னும் வினா” என்றேன். தாயின் இயக்கம் அவருக்குக் கேள்வி கேட்கக் கற்பித்தது. கலைப்பள்ளி சொல்லை ஆளக் கற்பித்தது. அவ்வியக்கம் நசுக்கப்பட்டபோது, கோபம் மட்டும் எஞ்சியது. அதனை வழிநடத்தும் அமைப்பு எஞ்சவில்லை. பள்ளி பாதியில் நின்றபோது, அவ்விடத்தைத் தெருவும், பின்னர் வணிகமும் நிரப்பின. அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது, ஆணவமும் இருந்தது. வணிகத்திற்கு நியாயத்தைவிட ஆணவமே நன்றாக விற்றது. இவ்வளவும் காரணங்களே, மன்னிப்பு அல்ல. அதே வறுமையில், அதே தெருவில் வளர்ந்து துப்பாக்கியைத் தொடாதவர்கள் பல்லாயிரவர். காரணம் கூறுவதும் பொறுப்பை நீக்குவதும் ஒன்றல்ல என்பதைச் சரித்திரம் பயில்வோர் நன்கு உணர வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஏறத்தாழ 18 வயது முதல் 20 வயது வரை டூபாக் தம் கையால் எழுதிய கவிதைகள் 1999இல் நூலாக வெளிவந்துள்ளன. கான்கிரீட்டின் பிளவில் முளைத்த ரோஜாவைப் பாடும் கவிதையின் தலைப்பே அந்நூலின் பெயர். அதனைப் படியுங்கள். பின்னர் அவர் இறுதி ஆண்டின் பாடல்களைக் கேளுங்கள். இரண்டிற்கும் இடையே ஐந்தாறு ஆண்டுகளே உள்ளன. மென்மையான அந்தக் கையெழுத்துக்கும் வன்மையான இந்தக் குரலுக்கும் நடுவே நிகழ்ந்தவற்றை ஆண்டு வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: சட்டம், சிறை, போதை, வழக்கு, ஒப்பந்தம், பகை என ஒன்றன்பின் ஒன்றாக. அப்பட்டியலில் எது எது அவரே தேர்ந்தது, எது எது அவர் மீது சுமத்தப்பட்டது என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள். சிலவற்றின் எதிரில் இரண்டையும் குறிக்க நேரும். அவ்விடத்தில் நின்று சற்றே சிந்தியுங்கள். சரித்திரப் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.